பழைய இரும்பும் புதிய புகைபோக்கியும்

குளிர்காலத்தில் ஓர் அறை கதகதப்பாக இருக்க வேண்டுமானால் மூன்று வேலைகள் நடந்தாக வேண்டும். வெப்பம் எங்கிருந்தாவது உண்டாக வேண்டும். உண்டான வெப்பம் உடனே ஓடிவிடாமல் தங்க வேண்டும். எரிவதால் பிறக்கும் புகையும் நச்சு வாயுவும் அறையை விட்டு வெளியேற வேண்டும். விலை கொடுத்து வாங்கும் கணப்பில் இவற்றை யோசிக்கும் பொறுப்பு அதைச் செய்தவருடையது. காயலான் கடையில் பொறுக்கிய டிரம்மையும் குழாயையும் வைத்துத் தானே கணப்பு செய்கிறவர் அந்தப் பொறுப்பையும் சேர்த்தே வீட்டுக்குத் தூக்கி வருகிறார்.

பழைய பொருட்களில் கணப்பு செய்வது உலகின் குளிர்ப் பகுதிகளில் நெடுநாள் பழக்கம். சில இடங்களில் போர் அதைக் கட்டாயமாக்கியது, சில இடங்களில் எண்ணெய் விலை. சில இடங்களில், தன் கையால் செய்ய வேண்டும் என்ற ஆசை. நன்றாகப் பதிவான சில முயற்சிகளை எடுத்துக்கொண்டு, மேலே சொன்ன மூன்று வேலைகளை ஒவ்வொன்றும் எப்படிச் செய்தது என்று பார்த்துக்கொண்டே போனால் ஒரே முடிவு திரும்பத் திரும்ப எதிரே வருகிறது. வெப்பத்தை உண்டாக்கும் பாகமும் அதைத் தேக்கும் பாகமும் எவ்வளவு பழையவையாகவும் இருக்கலாம். புகையையும் அழுத்தத்தையும் ஆளும் பாகம் மட்டும் பழையதாக இருக்கக் கூடாது. கையில் இருக்கும் கொஞ்சம் காசை அங்கேதான் செலவழிக்க வேண்டும்.

முற்றுகை நகரங்களின் அடுப்பு

1941 செப்டம்பர் 8 அன்று ஜெர்மன் படைகள் லெனின்கிராடுக்குப் போகும் நிலவழியை முழுவதுமாக அடைத்தன. 1944 ஜனவரி 27 அன்றுதான் முற்றுகை முழுவதுமாக விலகியது. இடையில் 872 நாட்கள். முதல் குளிர்காலத்திலேயே மின்சாரம் நின்றது, குழாயில் தண்ணீர் உறைந்தது, அடுக்குமாடிகளைச் சூடாக்கிய பொது ஏற்பாடுகள் அணைந்தன. வெளியே வெப்பநிலை மைனஸ் 30 டிகிரி வரை இறங்கியது. அப்போது வீட்டுக்கு வீடு முளைத்தது ‘புர்ஷூய்கா’ என்னும் சின்னத் தகர அடுப்பு. நமக்கும் பழக்கமான ‘பூர்ஷ்வா’ என்ற சொல்லிலிருந்து வந்த பெயர். 1917 புரட்சியை ஒட்டிய பஞ்ச ஆண்டுகளிலேயே ரஷ்ய நகரங்கள் அதை அறிந்திருந்தன. கிடைத்த தகட்டை வளைத்து, மடித்து, நான்கு கால் வைத்து, ஒரு குழாயைச் செருகி, அந்தக் குழாயை ஜன்னலின் மேல்மூலையில் இருக்கும் காற்றுக்கதவு வழியாக வெளியே நீட்டினார்கள். நாற்காலி எரிந்தது, தரைப் பலகை எரிந்தது, புத்தக அலமாரியும் அதிலிருந்த புத்தகங்களும் எரிந்தன. நகரத்தின் மரவீடுகள் பிரிக்கப்பட்டு விறகாயின.

மூன்று வேலைகளில் முதலாவதை இந்த அடுப்பு நன்றாகவே செய்தது. மெல்லிய தகடு சில நிமிடங்களில் பழுக்கச் சுடும், ஒரு கைப்பிடிச் சுள்ளியிலேயே கெட்டில் கொதிக்கும். இரண்டாவது வேலை அதனிடம் கிடையாது. தீ அணைந்த வேகத்திலேயே தகடும் ஆறிவிடும், விடியும்போது வாளித் தண்ணீர் உறைந்திருக்கும். போகிற வெப்பத்தைப் பிடிக்கத்தான் குழாயை நேரே வெளியே விடாமல் அறைக்குள் நீளமாக ஓட்டினார்கள். குழாய் நீள நீளப் புகை ஆறும். ஆறிய புகைக்கு மேலே ஏறும் வலு குறையும், குழாயின் உட்புறத்தில் தார் போலக் கரி படியும். மூன்றாவது வேலை அங்கேதான் தடுமாறியது. அந்தக் குளிர்காலத்தில் இந்த அடுப்புகளிலிருந்து தீ பரவிப் பல வீடுகள் எரிந்தன. அணைப்பதற்குக் குழாயில் தண்ணீரும் இல்லை.

ஐம்பது ஆண்டுகள் கழித்து இதே காட்சி சரயேவோவில் திரும்பி வந்தது. 1992 ஏப்ரல் முதல் 1996 பிப்ரவரி 29 வரை அந்த நகரம் முற்றுகையில் இருந்தது. பூங்காக்களிலும் சாலையோரங்களிலும் நின்ற மரங்களை மக்கள் வெட்டி எரித்தார்கள். நிவாரணமாக வந்த உணவு டின்கள் காலியானதும் அடுப்பாயின. சரயேவோவிலுள்ள போஸ்னியா-ஹெர்ஸகோவினா வரலாற்று அருங்காட்சியகம் இப்படி வீட்டில் செய்த அடுப்புகளையும் விளக்குகளையும் வரிசையாக வைத்திருக்கிறது. எரிவாயு எப்போதாவது வந்தபோது, தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் ரப்பர்க் குழாயை வைத்துத் தாங்களே இணைப்பு இழுத்தவர்களும் உண்டு. அவற்றில் வாயு கசிந்து வெடித்தது. அடுப்புக்கு எந்த டின்னும் பொருந்தியது. வாயுவைக் கொண்டுவரும் குழாய்க்கு எந்தக் குழாயும் பொருந்தவில்லை.

2022 அக்டோபரிலிருந்து ரஷ்யா உக்ரைனின் மின்கட்டமைப்பைத் தாக்கத் தொடங்கியதும் மறுபடியும் புர்ஷூய்கா வந்தது. தன்னார்வலர்கள் பழைய கார்ச் சக்கரங்களின் இரும்பு வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பற்றவைத்து அடுப்பாக்கினார்கள். காலி உணவு டின்னில் அட்டையைச் சுருட்டி வைத்து மெழுகு ஊற்றிப் பதுங்குகுழி மெழுகுவத்திகள் செய்து போர்முனைக்கு அனுப்பினார்கள். சக்கர வளையம் தடித்த எஃகு, லெனின்கிராடுத் தகட்டைவிடப் பல மடங்கு நேரம் சூட்டைத் தாங்கும். கிடைக்கும் கழிவு மாறும்போது அடுப்பின் குணமும் மாறுகிறது.

பாதி பழையது, பாதி புதியது

போர் இல்லாத இடத்தில் இந்த வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்க அலாஸ்கா, யூகான் போன்ற வடகோடிக் காட்டுப் பகுதிகளுக்குப் போக வேண்டும். அங்கே எரிபொருள் ஏற்றிப் போன 200 லிட்டர் எஃகு டிரம்கள் எங்கும் கிடக்கும், அவற்றைத் திரும்பக் கொண்டுவரும் செலவு டிரம்மின் விலையைவிட அதிகம். அதனால் டிரம்மைப் படுக்கவைத்து விறகு அடுப்பாக்குவது அங்கே வழக்கமாகிவிட்டது.

இந்த அடுப்பைச் செய்கிறவர்களுக்கென்று கடைகளில் ஒரு தொகுப்பு விற்கிறார்கள். அதில் டிரம் இருக்காது. சட்டத்தோடு கூடிய வார்ப்பிரும்புக் கதவு, புகைக்குழாயைப் பொருத்தும் கழுத்து வளையம், கால்கள், திருகாணிகள் இருக்கும். நெருப்பைச் சுமக்கும் பெரிய உடம்பு குப்பையிலிருந்து வரலாம், காற்று நுழையும் வாயும் புகை வெளியேறும் வாயும் வார்ப்படச் சாலையிலிருந்து வரட்டும் என்பதே இந்த வியாபாரத்தின் அடிப்படை. கதவு சரியாகப் பொருந்தாவிட்டால் உள்ளே போகும் காற்றைக் கட்டுப்படுத்த முடியாது, விறகு வெறித்தனமாக எரியும், மெல்லிய டிரம் சிவந்து நெளியும். கழுத்து பொருந்தாவிட்டால் புகை அறைக்குள் கசியும். பல குளிர்காலங்களின் அனுபவம் அந்தச் சின்ன அட்டைப் பெட்டிக்குள் இருக்கிறது.

டிரம் அடுப்புக்காரர்கள் அடியில் ஒரு சாண் அளவுக்கு மணல் கொட்டுவார்கள், அல்லது தீச்செங்கல் அடுக்குவார்கள். தழல் நேரே தகட்டில் படாது, மணலும் கொஞ்சம் சூட்டைப் பிடித்து வைக்கும். முதல் நெருப்பை எப்போதும் வெளியிலேயே மூட்டுவார்கள். டிரம்மின் வண்ணப்பூச்சும் உள்ளே ஒட்டிய எண்ணெயும் அப்போது எரிந்து போகும். எது இருந்தது என்று தெரியாத டிரம்மை அவர்கள் தொடுவதில்லை. காலி என்று நினைத்த டிரம்மில் ஒட்டியிருக்கும் பெட்ரோல் ஆவி, வெட்டும் கருவியின் ஒரு தீப்பொறியில் வெடித்துவிடும்.

தண்ணீர்ச் சுவர்

1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய்த் தடை விதித்தன. சில மாதங்களில் கச்சா எண்ணெய் விலை ஏறக்குறைய நான்கு மடங்கானது. எண்ணெய் எரித்து வீட்டைச் சூடாக்கிப் பழகிய அமெரிக்கர்களும் ஐரோப்பியர்களும் மர அடுப்பையும் வெயிலையும் திரும்பிப் பார்த்தார்கள். அதற்குச் சற்று முன்பே நியூ மெக்ஸிகோ மாநிலத்தின் கொராலெஸ் என்ற ஊரில் ஸ்டீவ் பேர் என்பவர் தன் வீட்டைக் கட்டியிருந்தார். தெற்குப் பக்கம் முழுவதும் கண்ணாடி. கண்ணாடிக்குப் பின்னால் அதே 200 லிட்டர் டிரம்கள், தண்ணீர் நிரப்பி, வெயில் படும் முகத்தில் கறுப்பு அடித்துப் படுக்கவைத்து அடுக்கியவை. கண்ணாடிக்கு வெளியே கீல் வைத்த பெரிய பலகை ஒன்று. பகலில் அதைத் தரையில் சாய்த்தால் அதன் பளபளப்பான உட்புறம் வெயிலை டிரம்கள் மேல் திருப்பிவிடும். மாலையில் கைராட்டினத்தைச் சுற்றிப் பலகையைத் தூக்கி மூடினால், சேர்ந்த சூடு வெளியே போகாமல் அறைக்குள் கசியும்.

இதன் கணக்கு எளிது. ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி உயர்த்தச் சுமார் 4.2 கிலோ ஜூல் வேண்டும். 200 லிட்டர் டிரம் பகலில் 20 டிகிரி சூடேறினால் அது ஏறக்குறைய 4.7 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பத்தை வைத்திருக்கும். ஆயிரம் வாட் மின்கணப்பு ஒன்று நாலரை மணி நேரத்துக்கு மேல் தருவதை ஒரு பழைய டிரம் சத்தமில்லாமல் இரவு முழுவதும் தரும். கல்லோ செங்கல்லோ அதே எடையில் இதில் கால் பங்கைக்கூடப் பிடித்து வைக்காது.

பேர் வீட்டில் மூன்றாவது வேலையே இல்லை என்பதுதான் இதில் பெரிய விஷயம். எதுவும் எரியவில்லை, ஆகவே புகையும் இல்லை. டிரம் துருப்பிடித்து ஒழுகினால் தரை நனையும், அவ்வளவுதான். பழைய பொருளை முழு நம்பிக்கையோடு பயன்படுத்தக்கூடிய இடம் வெப்பத்தைத் தேக்கும் இந்த இடம்தான்.

‘ட’ வடிவப் பாதை

நெருப்பையும் தேக்கத்தையும் ஒன்றாகக் கட்டிய முயற்சி ஓரிகனிலிருந்து வந்தது. அங்குள்ள அப்ரொவேச்சோ ஆய்வு மையத்தில் லாரி வினியார்ஸ்கி 1980களின் தொடக்கத்தில் ‘ராக்கெட் அடுப்பு’க்கான விதிகளை வகுத்தார். நம் ‘ட’ எழுத்தை நினைத்துக்கொண்டால் போதும். படுக்கைக் கோட்டின் முனையில் விறகு நுழையும், மூலையில் எரியும், நிமிர்ந்த கோடு வழியாகச் சுடர் மேலே பாயும். அந்த நிமிர்ந்த பாதையைச் சுற்றி வெப்பம் கடத்தாத பொருளை அடைத்துவிட்டால் உள்ளே சூடு மிகுந்து புகையே எரிந்து தீர்ந்துவிடும். புகை என்பது எரியாமல் தப்பிய விறகுதானே!

ஏழைநாட்டுச் சமையலுக்காகப் பிறந்த இந்த அடுப்பை அறைக் கணப்பாக விரித்தவர் வேல்ஸிலிருந்து அமெரிக்கா போன இயான்டோ எவான்ஸ். நிமிர்ந்த பாதையின் மேல் ஒரு டிரம்மைக் கவிழ்த்தார். டிரம்மின் உச்சியில் முட்டித் திரும்பும் சூடான வாயு கீழே இறங்கி, களிமண்ணும் மணலும் வைக்கோலும் குழைத்துக் கட்டிய நீண்ட திண்ணைக்குள் ஓடும் குழாயில் நுழையும். திண்ணை சூட்டைக் குடித்துவிடும். மாலையில் ஒன்றிரண்டு மணி நேரம் எரித்தால் திண்ணை மறுநாள் காலைவரை வெதுவெதுப்பாக இருக்கும். சீனாவின் ‘காங்’ படுக்கைக்கும் கொரியாவின் ‘ஒண்டோல்’ தரைக்கும் இது பேரன் முறை. அவையும் அடுப்புப் புகையைப் படுக்கைக்கும் தரைக்கும் அடியில் ஓடவிட்டுச் சூட்டைச் சேர்ப்பவைதான்.

இந்தக் கணப்பைச் செய்து பார்த்தவர்கள் இரண்டு இடங்களில் அடிபட்டார்கள். ஒன்று, நிமிர்ந்த பாதைக்குப் பழைய இரும்புக் குழாயைப் போட்டது. அங்கே நிலவும் சூட்டில் சாதாரண இரும்பு செதில் செதிலாக உதிர்ந்து, ஓரிரு குளிர்காலங்களில் தின்னப்பட்டுவிடும். இன்று அந்த இடத்துக்குத் தீச்செங்கல்லையோ பீங்கான் இழையையோ போடுகிறார்கள். இரண்டாவது, வெப்பத்தை முழுவதும் திண்ணைக்குக் கொடுத்துவிட்ட வாயு புகைபோக்கிக்கு வரும்போது ஆறிப்போயிருக்கும். குளிர்ந்த புகைபோக்கியில் அது ஏறாமல் திரும்பி, விறகு வைத்த வாய் வழியாகவே அறைக்குள் வரும். சிக்கனம் கூடக் கூட மூன்றாவது வேலை கடினமாகிறது. லெனின்கிராடின் நீண்ட குழாய் சொன்ன பாடமே இங்கும் வருகிறது.

கொல்லைப்புறத்து மரத்தூள் அடுப்பு

‘ட’ வடிவப் பாதை நமக்குப் புதிதல்ல. தமிழ்நாட்டில் ஒரு தலைமுறைக்கு முன்புவரை மரவாடிக்குப் பக்கத்தில் இருந்த வீடுகளில் மரத்தூள் அடுப்பு எரிந்தது. என் பாட்டி அதை அடைப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். மளிகைக் கடையிலிருந்து வந்த பழைய எண்ணெய் டின். மேல்மூடி வெட்டி எடுக்கப்பட்டிருக்கும், அடிப்பக்கம் ஓரத்தில் கைநுழையும் அளவுக்கு ஒரு துளை. துளை வழியாக ஓர் உருட்டுக்கட்டையைப் படுக்கவைத்துச் செருகுவார். டின்னின் நடுவில், கட்டையின் முனையைத் தொடும்படி ஒரு சோடா பாட்டிலை நிறுத்துவார். சுற்றிலும் மரத்தூளைக் கொட்டி, உலக்கைப் பூணால் இடித்து இடித்து இறுக்குவார். பிறகு பாட்டிலை மெல்லத் திருகி மேலே உருவுவார், கட்டையைப் பக்கவாட்டில் இழுப்பார். தூள் சரியாமல் நின்றால் அதற்குள் ஒரு ‘ட’ சுரங்கம் தயார். கீழ்த்துளையில் மண்ணெண்ணெய் தொட்ட துணியைக் கொளுத்தி வைத்தால் நெருப்பு சுரங்கத்தின் சுவரைப் பற்றிக்கொண்டு, பல மணி நேரம் ஊதாமல் விசிறாமல் எரியும். அண்டா நிறையக் குளிக்க வெந்நீர் அதில்தான்.

அடுப்பின் இடம் எப்போதும் கொல்லைத் தாழ்வாரம். ஒரு ஐப்பசி அடைமழையில் தாழ்வாரம் முழுவதும் சாரல் அடித்தது. அடுப்பைத் தூக்கிச் சமையலறைக்குள் வைத்தார்கள். குளிர் என்று ஜன்னலையும் சாத்தினார்கள். சுடர் அடங்கிக் கங்காகக் கனன்றதால் புகை அதிகம் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் எனக்குத் தலை வலித்தது. அக்கா வாந்தி எடுத்தாள். சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றே எல்லாரும் நினைத்தோம். பாட்டிக்கும் தலை சுற்றியபோதுதான் அவர் தள்ளாடிப் போய்க் கொல்லைக் கதவைத் திறந்தார். அன்று நடந்தது என்ன என்று நான் புரிந்துகொள்ளப் பல ஆண்டுகள் ஆயின.

வெயிலைப் பிடித்தவர்கள்

அதற்குப் போகும் முன் எதையும் எரிக்காத இன்னொரு மரபையும் பார்த்துவிட வேண்டும். 1891-இல் பால்டிமோர் நகரத்தைச் சேர்ந்த கிளாரன்ஸ் கெம்ப் சூரிய வெந்நீர்க் கலனுக்குக் காப்புரிமை பெற்றார். கறுப்படித்த தொட்டி, அதைச் சுற்றி மரப்பெட்டி, மேலே கண்ணாடி. இன்றும் பழுதான மின் கீசரின் உள்தொட்டியை எடுத்து, கறுப்படித்து, பழைய ஜன்னல் கண்ணாடி போட்ட பெட்டிக்குள் வைப்பவர்கள் கெம்ப்பின் வழியில்தான் போகிறார்கள்.

இதை மிகவும் எளிய பொருளுக்கு இறக்கியவர் பிரேசிலின் சான்டா கதரினா மாநிலத்தில் துபராவ் ஊரைச் சேர்ந்த ஓய்வுபெற்ற மெக்கானிக் ஜோசே அல்சினோ அலானோ. பிரேசில் வீடுகளில் குளியல் ஷவரின் தலையிலேயே மின்சூடேற்றி இருக்கும், ஏழை வீட்டு மின்கட்டணத்தில் அது பெரிய பங்கு. குப்பைக்குப் போகும் குளிர்பான பாட்டில்களையும் பால் அட்டைப் பெட்டிகளையும் பார்த்த அலானோ, 2002-இல் அவற்றை வைத்து ஒரு வெந்நீர் ஏற்பாடு செய்தார். பாட்டிலின் அடியை வெட்டி ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி வரிசையாக்கினார், அவற்றின் நடுவே பிளாஸ்டிக் குழாயை ஓட்டினார், குழாய்க்குப் பின்னால் கறுப்படித்த பால் அட்டையை மடித்து வைத்தார். பாட்டில் கண்ணாடிக் கூரையாகவும் அட்டை வெயில் உறிஞ்சியாகவும் ஆயின. சூடான தண்ணீர் இலேசாகி மேலே ஏறும், குளிர்ந்தது கீழே இறங்கும். தொட்டி உயரத்தில் இருந்தால் மோட்டார் தேவையில்லை. செய்முறையை விற்காமல் எல்லாருக்கும் கற்றுக்கொடுத்தார்.

இதற்கும் எல்லை உண்டு. சுமார் 70 டிகிரியைத் தாண்டினால் பாட்டில் நெளியும், குழாய் இளகும். அந்தச் சூட்டை எட்டாதபடி பாட்டில்களின் எண்ணிக்கையைத் தொட்டியின் அளவுக்குப் பொருத்த வேண்டும். வெதுவெதுப்பாகத் தேங்கும் தண்ணீரில் லெஜியோனெல்லா பாக்டீரியா வளரும் என்பதால் தொட்டியை மூடி, சுத்தமாக வைத்து, தண்ணீரை அன்றாடம் செலவழித்துவிட வேண்டும்.

வெயிலை வைத்தே குளிரைச் சமாளிக்க முடியுமா என்ற கேள்விக்கு இந்தியாவில் நேரடி விடை சொல்லும் இடம் லடாக். குளிர்காலத்தில் மைனஸ் 20 டிகிரியைச் சாதாரணமாகத் தொடும் பகுதி. வீட்டின் நடுவில் ‘புகாரி’ என்னும் தகர அடுப்பு நிற்கும், அதன் குழாய் கூரை வழியாகவோ ஜன்னல் வழியாகவோ வெளியேறும். விறகு அரிது, வறட்டிதான் எரிபொருள். ஆனால் வெயிலுக்குப் பஞ்சமே இல்லை. லே நகருக்கு அருகில் ஃபே கிராமத்தில், சோனம் வாங்சுக்கும் தோழர்களும் தொடங்கிய செக்மால் கல்வி அமைப்பின் வளாகம் மண்சுவரையும் தெற்கு வெயிலையும் நம்பிக் கட்டப்பட்டது. குளிர்காலத்தில் கட்டடத்தின் தெற்கு முகத்தில் பிளாஸ்டிக் படுதாவைக் கட்டுகிறார்கள், கோடையில் அவிழ்த்துவிடுகிறார்கள். பகலில் சூடேறும் மண்சுவரும் தரையும் இரவில் அதைத் திருப்பித் தருகின்றன. தெற்குச் சுவருக்குக் கறுப்படித்து முன்னால் கண்ணாடி போடும் ‘டிராம்ப் சுவர்’ முறையும் லடாக்கில் பரவியிருக்கிறது. பிரெஞ்சுப் பொறியாளர் ஃபெலிக்ஸ் டிராம்ப் 1960களில் பிரபலமாக்கிய முறை அது. வெயில் உள்ள குளிர் ஊரில் ஏழை வீட்டின் முதல் செலவு அடுப்புக்கு அல்ல, தெற்கு ஜன்னலுக்கும் கதவிடுக்கை அடைக்கும் சாக்குக்கும் போக வேண்டும் என்பதை லடாக் காட்டுகிறது.

கண்ணுக்குத் தெரியாதது

இடுக்கை அடைப்பதில் ஒரு கண்ணி இருக்கிறது. அறையை இறுக்கினால் வெப்பம் தங்கும். ஆனால் அதே அறைக்குள் ஏதாவது எரிந்தால் அதற்கு வேண்டிய காற்றும் வராது, கழிவு வாயுவும் போகாது. இரண்டாவது வேலையும் மூன்றாவது வேலையும் மோதிக்கொள்ளும் இடம் இது. வீட்டில் செய்த கணப்புகள் பெரும்பாலும் உயிர் குடிப்பது இங்கேதான்.

காற்று போதாமல் எரியும் எந்தக் கரிப்பொருளும் கார்பன் மோனாக்சைடு வாயுவைத் தரும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபின் ஆக்ஸிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாக இதைப் பற்றிக்கொள்ளும். முதலில் தலைவலி, பிறகு குமட்டல், பிறகு தூக்கம். தூங்குகிறவருக்கு மூச்சுத் திணறல்கூடத் தெரியாது. எங்கள் சமையலறையில் அன்று நடந்தது இதுவே. சுடர் அடங்கிக் கனன்ற கங்கு நல்லதென்று நினைத்தோம், அந்தக் கங்குதான் ஆபத்து. கொடைக்கானலிலும் நீலகிரியிலும் குளிர் தாங்காமல் பூட்டிய அறைக்குள் கரி அடுப்பை வைத்துத் தூங்கியவர்கள் காலையில் எழவில்லை என்ற செய்தி வந்துகொண்டுதான் இருக்கிறது. புகை தெரியாததால் கரியை நம்பியவர்கள் அவர்கள். மெல்லக் கொல்லும் புகையும் இருக்கிறது. வீட்டுக்குள் எரியும் அடுப்புகளின் மாசால் 2020-இல் உலகில் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது.

புகைபோக்கி இழுக்கிறதா என்று பார்க்க நம் வீட்டிலேயே ஒரு கருவி உண்டு: ஊதுவத்தி. அடுப்பு எரியும்போது கதவு, கழுத்து, குழாய் மூட்டு ஒவ்வொன்றின் அருகிலும் ஊதுவத்தியைப் பிடிக்க வேண்டும். அதன் புகை இழை உள்நோக்கி வளைந்தால் நல்லது. வெளியே தள்ளப்பட்டாலோ நின்று தயங்கினாலோ அந்த இடம் கசிகிறது. அறைக் கதவைச் சாத்திவிட்டு ஒருமுறை, சமையலறையில் புகைவிசிறி ஓடும்போது ஒருமுறை பார்க்க வேண்டும். விசிறி அறைக் காற்றை உறிஞ்சும்போது, நன்றாக ஏறிக்கொண்டிருந்த புகை திரும்பிவரும் வீடுகள் உண்டு. இந்தச் சோதனை இழுவையைத்தான் சொல்லும். இரவில் விழித்திருந்து காவல் காக்க கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கை மணி வேண்டும். அதன் உணரிக்குச் சில ஆண்டுகளே ஆயுள். ஆகவே அதைப் பழையதாக வாங்குவது வாங்காததற்குச் சமம்.

எதை எடுக்கலாம், எதை விடலாம்

மேலே கண்டவற்றைச் சேர்த்துப் பார்த்தால் காயலான் கடைக்குப் போகிறவருக்கு ஒரு தெளிவான வழி கிடைக்கிறது.

தயங்காமல் எடுக்கக்கூடியவை: தண்ணீர் தேக்க எண்ணெய் டிரம், பழைய செங்கல், களிமண், ஜன்னல் கண்ணாடி, வார்ப்பிரும்புத் துண்டுகள், குளிர்பான பாட்டில். இவை கெட்டால் நஷ்டம் சிறியது.

பார்த்து எடுக்க வேண்டியவை அடுத்த வரிசை. பெட்டிப் பலகையில் ‘எச்.டி.’ முத்திரை இருந்தால் அது 56 டிகிரியில் 30 நிமிடம் சூடேற்றிப் பூச்சி நீக்கியது, எரிக்கலாம். ‘எம்.பி.’ என்றிருந்தால் மீத்தைல் புரோமைடு நச்சுவாயு ஏற்றியது, எரிக்கக் கூடாது. செம்பும் ஆர்சனிக்கும் ஏற்றிய கரையான் புகாத மரமும் அப்படியே. துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகட்டைப் பற்றவைத்தாலோ நெருப்பில் காய்ச்சினாலோ வரும் வெண்புகை காய்ச்சலைத் தரும். பழைய கார் ரேடியேட்டரில் ஈயப் பற்றாசும் நச்சுக் குளிர்விப்பு நீரும் இருக்கலாம். அறையைச் சூடாக்கும் மூடிய சுற்றுக்கு அது உதவும், குளிக்கவோ குடிக்கவோ வரும் தண்ணீர் அதற்குள் போகக் கூடாது. கழிவு எஞ்சின் ஆயிலை எரிப்பவர்கள் உண்டு. அந்த எண்ணெயில் ஈயமும் காட்மியமும் கலந்திருக்கும், அவை புகையோடு அக்கம்பக்கம் முழுவதும் இறங்கும்.

தொடவே கூடாதவை: கல்நார்க் கயிறும் கல்நார்த் தகடும், துருத் துளை விழுந்த புகைக்குழாய், பழைய பாதுகாப்பு வால்வு, எரிவாயுக் குழாயும் ரெகுலேட்டரும், பழைய எச்சரிக்கை மணி. வால்வைப் பற்றி ஒரு வார்த்தை. தண்ணீர் ஆவியானால் சுமார் 1,600 மடங்கு விரியும். அடுப்போடு இணைத்த தொட்டியை எல்லாப் பக்கமும் அடைத்துவிட்டால் அது வெடிகுண்டு. நம் வீடுகளில் இருந்த பித்தளை வெந்நீர் பாய்லரைச் செய்தவர்களுக்கு இது தெரிந்திருந்தது. நடுவில் நெருப்புக் குழாய், சுற்றிலும் தண்ணீர், மேலே இறுகாத மூடி. கொதித்தால் மூடி தடதடக்கும், ஆவி வெளியேறும். வால்வே தேவைப்படாத பாதுகாப்பு அது. தானே செய்கிறவர் எப்போதும் அந்தத் திறந்த முறையையே பின்பற்ற வேண்டும்.

சட்டமும் இதே கோட்டில்தான் நிற்கிறது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை விறகு அடுப்புகளின் புகைக்கு 1988-இல் வரம்பு விதித்தது. அதன்பின் தொழிற்சாலை அடுப்புகள் ஆய்வகத்தில் சோதிக்கப்பட்டு வெளிவருகின்றன. வீட்டில் செய்த அடுப்புக்கு அந்தச் சோதனை கிடையாது. அதைச் செய்தவரே சோதனைச்சாலையும் ஆய்வாளரும் ஆக வேண்டும். ஊதுவத்தியைப் பிடித்துப் பார்க்கச் சோம்பல்படுகிறவர் இந்த வேலைக்கு இறங்கக் கூடாது.

பழைய பொருளில் கணப்பு செய்கிறவர்கள்மேல் எனக்குப் பெரிய மதிப்பு. எறிந்த டிரம்முக்கு இன்னொரு வாழ்வு கொடுக்கிறார்கள். எரிபொருள் எப்படி வெப்பமாகிறது, வெப்பம் எங்கே போகிறது என்பதைக் கையால் தொட்டுத் தெரிந்துகொள்கிறார்கள். பட்டனைத் தட்டிச் சூடு பெறுகிற நமக்கு அந்த அறிவு இல்லை. அந்த அறிவோடு சேர்த்து அவர்கள் உயிரோடும் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும் சொன்னேன்.

அந்த மழை நாளுக்குப் பிறகும் பாட்டி மரத்தூள் அடுப்பை விடவில்லை. டின் ஓட்டையானால் வேறு டின் வரும், பாட்டில் உடைந்தால் வேறு பாட்டில். அடுத்த மழைக்கு முன் கொத்தனாரை அழைத்து, சேர்த்து வைத்த காசில் கொல்லைத் தாழ்வாரத்துக்கு ஒரு முழம் கூடுதலாக ஓடு இறக்கினார். அந்த அடுப்புக்காக அவர் புதிதாகக் காசு போட்டது அது ஒன்றுக்குத்தான்.